காஷெச்சுவான்: ஒவ்வொரு வசந்தத்திலும் காலியாகும் ஊர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே, ஆல்பனி ஆற்றின் வடகரையில் காஷெச்சுவான் என்று க்ரீ பழங்குடி மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தை ஒட்டி வரும். வெளியுலகத்தோடு இணைக்கும் நிரந்தரச் சாலை கிடையாது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து, ஏறக்குறைய ஒவ்வொரு ஏப்ரலிலும் இங்கே விமானங்கள் வந்து இறங்கி, மக்களை ஏற்றிக்கொண்டுபோய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே உள்ள நகரங்களில் விட்டுவிடுகின்றன. ஆற்றில் பனி உடையும்போது வெள்ளம் வரலாம் என்பதுதான் காரணம். சில வாரங்கள் கழித்துத் திரும்பக் கூட்டிவருகிறார்கள். அடுத்த வசந்தத்தில் மறுபடியும் அதே.

இதை இயற்கைப் பேரிடர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், செய்திகளில் அப்படித்தான் வருகிறது. ஊரின் கதையை அடியிலிருந்து படித்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஆறு எப்போதும் செய்துவந்ததைத்தான் செய்கிறது. பருவத்துக்குப் பருவம் நகர்ந்து வாழ்ந்த மக்களை அந்த வெள்ளச் சமவெளியில் நிரந்தரமாகக் குடியிருக்க வைத்ததில்தான் கோளாறு. அந்தக் கோளாறுக்கு ஈடாகச் செய்யப்பட்ட வெளியேற்றமோ, அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவசம் வைத்திருந்த ஒரு நல்ல வழியைப் பல ஆண்டுகள் கண்டுகொள்ளவே இல்லை. இந்த இரண்டையும்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நிலமும் ஆறும்

ஹட்சன் விரிகுடாவின் தென்மேற்கிலும் ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்கிலும் 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் தாழ்நிலம் உலகின் மிகப் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்று. கடைசிப் பனியுகத்தின் பாளம் உருகியபோது இதெல்லாம் கடலடி. பாளத்தின் பாரம் போய்விட்டதால் நிலம் இன்னும் மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது, நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்ற கணக்கில். கடலடியில் படிந்த களிமண் அப்படியே கீழே இருப்பதால் மழையும் உருகிய பனியும் உள்ளே இறங்குவதில்லை, தரையும் தாம்பாளம்போலத் தட்டை, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லாத இடங்கள்தான் அதிகம். தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பாசி வளர்ந்து, செத்து, முழுக்க மக்காமலே அதன்மேல் இன்னொரு பாசி வளர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆளுயரத்துக்கும் மேலாகப் பீட் மண் சேர்ந்திருக்கிறது. பல நூறு கோடி டன் கரிமத்தைப் பிடித்துவைத்திருக்கும் நிலம் என்று காலநிலை ஆய்வாளர்கள் இதைப் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

அங்கே வாழ்கிறவருக்கோ முதல் கேள்வி, காலை எங்கே ஊன்றுவது என்பது. குட்டைக் குட்டையாகக் கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள், டாமராக் மரங்கள், இடையில் குளங்கள், கால் வைத்தால் புதையும் பாசி. இதற்குள் ஓரளவு காய்ந்த தரை என்றால் பழைய கடற்கரைகள் விட்டுப்போன மணல்மேடுகளும் ஆற்றோரத் திட்டுகளும்தான். ஆறு வெள்ளக் காலத்தில் வண்டலைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய மேடு அது. ஊர் கட்டத் தோதாகக் கண்ணில் படும் இடமும் அதுதான், ஆறு ஏறி வரும் இடமும் அதுதான்.

ஆல்பனி ஆறு 982 கிலோமீட்டர் நீளம். மேற்கே தொடங்கிக் கிழக்கும் வடகிழக்குமாக ஓடி ஜேம்ஸ் விரிகுடாவில் சேர்கிறது. உள்நாட்டில் இருக்கும் மேல்பகுதியிலும், தெற்கிலிருந்து வந்து கலக்கும் கெனோகாமி போன்ற துணையாறுகளிலும் பனி முன்னதாகவே உருகத் தொடங்கிவிடும். கடலை ஒட்டிய கடைசிப் பகுதி அப்போதும் உறைந்துதான் கிடக்கும். மேலேயிருந்து உருகிய நீர் பெருகி வரும், வரும் வழியில் பாளங்களை உடைத்துத் தள்ளிக்கொண்டு வரும், கழிமுகத்தில் தீவுகளுக்கிடையே ஆறு பிரிந்து ஆழம் குறையும் இடத்தில் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு நீர்மட்டம் ஏறும் வேகம் மழை வெள்ளத்தைப்போல நாள் கணக்கில் இருப்பதில்லை, சில மணி நேரத்திலேயே பல மீட்டர் ஏறலாம், கூடவே வீட்டை இடித்துத் தள்ளக்கூடிய பனிக்கட்டிகளும் வரும். வசந்தம் நிதானமாக வந்து, பனி வெயிலில் இற்று உளுத்துப்போனால் ஆபத்து குறைவு. குளிர் நீடித்துவிட்டுத் திடீரென்று வெப்பமும் மழையும் சேர்ந்து வந்தால்தான் சிக்கல். எந்த ஆண்டு எப்படி உடையும் என்று கடைசி வாரம்வரை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் ஏப்ரல் பிறந்ததும் ஹெலிகாப்டரில் ஆற்றின் மேலே பறந்து பறந்து பார்க்கிறார்கள்.

இந்த ஆறுகள் என்ன செய்யும் என்பதற்கு இதே தாழ்நிலத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையை ஒட்டி வினிஸ்க் என்ற க்ரீ கிராமம் இருந்தது. 1986 மே 16 அன்று வினிஸ்க் ஆற்றின் பனி உடைந்து வெள்ளம் ஊருக்குள் புகுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது, இருவர் இறந்தார்கள். அந்த மக்கள் ஆற்றில் சுமார் 30 கிலோமீட்டர் மேலே போய் மேடான இடத்தில் பீவானக் என்ற புது ஊரை அமைத்துக்கொண்டார்கள். ஒரு ஊரை மேலே நகர்த்துவது அந்த நிலத்தில் நடக்கக்கூடிய காரியம்தான் என்று காட்டியது அது. உயிர்ப்பலிக்கு அப்புறம்தான் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள்

ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்குக் கரையில் வாழும் க்ரீ மக்கள் தங்களை முஷ்கேகோவுக் என்கிறார்கள். ஒரே இடத்தில் ஆண்டு முழுக்க இருப்பது அவர்கள் பழக்கம் இல்லை. குளிர்காலத்தில் குடும்பங்கள் உள்நாட்டில் அவரவர் வேட்டைப் பகுதிக்குப் பிரிந்துபோய்ப் பொறி வைப்பார்கள், மூஸ், கரிபூ மான்களைத் தேடுவார்கள். வசந்தத்தில் வாத்து வரும் இடங்களுக்குப் போவார்கள். கோடையில் ஆற்றங்கரையில் கூடி மீன் பிடிப்பார்கள், உறவுகளைப் பார்ப்பார்கள், கல்யாணம் பேசுவார்கள். ஹட்சன்ஸ் பே கம்பெனி 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆல்பனி ஆற்று முகத்தில் விலங்கு ரோம வியாபாரத்துக்குக் கோட்டை போட்டது, அப்போதும் இந்தச் சுழற்சி மாறவில்லை. ரோமம் விற்க வருவார்கள், சாமான் வாங்குவார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். ஆற்றங்கரை ஒரு சந்திப்பு இடம். பனி உடையும் வாரத்தில் அங்கே வீடு பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை.

1905 ஆகஸ்ட் 3 அன்று, அந்தக் கோட்டையின் பெயரைத் தாங்கிய ஃபோர்ட் ஆல்பனியில், அரசுக்கும் இந்த மக்களுக்கும் இடையே ஒன்பதாம் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆளுக்கு ஆண்டுக்கு 4 டாலர், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் கணக்கில் அவர்களுக்கென்று ஒதுக்கு நிலம், மிச்சம் முழுக்க அரசுக்கு. வாசகம், அரசு அனுப்பிய கமிஷனர்கள் தெற்கிலிருந்து கிளம்பும் முன்பே தீர்மானமாகிவிட்டது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. வேட்டையும் மீன்பிடிப்பும் முன்போலவே இருக்கும் என்று வாயால் உறுதி சொன்னார்கள் என்பதே க்ரீ முதியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது, கமிஷனர்களில் ஒருவரான டேனியல் மக்மார்ட்டினின் நாட்குறிப்பும் அதை ஒட்டியே இருக்கிறது. எழுத்தில் இருப்பதோ அரசின் விதிகளுக்கு உட்பட்ட உரிமை. இந்த வேறுபாடு வாத்து விஷயத்தில் எப்படி வந்து கடித்தது என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்த அரை நூற்றாண்டில் மக்களை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தும் காரியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஃபோர்ட் ஆல்பனியில் புனித அன்னாள் பெயரில் திருச்சபை நடத்திய உறைவிடப் பள்ளி, 1976 வரை இருந்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் அடைத்து, அடியும் பாலியல் கொடுமையும், மின்சார நாற்காலியில் உட்காரவைத்து அதிர்ச்சி கொடுப்பதும்வரை நடந்த இடம். தப்பிப் பிழைத்தவர்கள் நீதிமன்றங்களில் சொன்னவை பதிவாகி இருக்கின்றன. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே ஒரு வாக்கியத்தில் கடந்துபோவதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 1945-லிருந்து அரசின் குடும்ப உதவித்தொகை வந்தது, குழந்தை பள்ளிக்குப் போனால்தான் பணம். குழந்தை பள்ளியில் இருந்தால் தாய் எப்படிக் காட்டுக்குப் போவாள்? மருத்துவ நிலையம், தேவாலயம், கடை எல்லாம் ஆற்றங்கரையில். சந்திப்பு இடம் மெல்ல மெல்லக் குடியிருப்பானது.

1950-களின் பிற்பகுதியில் பழைய ஃபோர்ட் ஆல்பனி சமூகம் மதப் பிரிவின்படி இரண்டாகப் பிரிந்தது. கத்தோலிக்கர்கள் இப்போதைய ஃபோர்ட் ஆல்பனியிலும், ஆங்கிலிக்கன் சபையினர் வடகரையிலும் குடியேறினார்கள். அந்த வடகரைதான் இன்றைய காஷெச்சுவான். அது வெள்ளம் ஏறும் இடம் என்று முதியவர்கள் அப்போதே எச்சரித்தார்கள், அதிகாரிகள் காதில் வாங்கவில்லை என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அறுபது எழுபது ஆண்டுகளாக அந்த ஊர் தூக்கிச் சுமந்துகொண்டிருப்பது அந்தத் தேர்வின் விலையைத்தான்.

கரை, கழிவுக்குளம், குழாய்

1990-களின் நடுவில் ஊரைச் சுற்றி மண்ணால் ஒரு வெள்ளத் தடுப்புக் கரை எழுப்பினார்கள், ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளம். கரை வந்ததும் ஊருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று கணக்கு எழுதிக்கொண்டார்கள். பின்னால் வந்த பொறியியல் ஆய்வுகள் கரை பலவீனமாக இருக்கிறது, உடைந்தால் உயிர்ச்சேதம் வரும் என்றே சொல்லின. தட்டையான சதுப்பில் ஒரு வளையத்துக்குள் ஊரை வைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியே ஆறு ஏறும்போது உள்ளே உருகும் பனியும் கழிவுநீரும் வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஆறு ஊருக்குள் வராமலே வீடுகளின் பேஸ்மென்டில் கழிவுநீர் எதிரேறி வந்துவிடும். 2014-இல் அப்படித்தான் பல வீடுகள் குடியிருக்க முடியாமல் போயின. அந்த வீடுகளைச் சேர்ந்த குடும்பங்கள் காபஸ்கேசிங் நகரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தற்காலிகமாகத் தங்கவேண்டியிருந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் குழந்தைகள் இரண்டு வகுப்பு ஏறிவிட்டார்கள்.

ஆனால் நாடு முழுக்கக் காஷெச்சுவான் பெயரைத் தெரியவைத்தது 2005 அக்டோபர். ஊரின் குடிநீரில் ஈ கோலை கிருமி இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே பல காலமாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் எடுக்கும் குழாய் ஊரின் கழிவுக்குளத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்தது. அதாவது கழிவு வந்து சேரும் பக்கத்திலிருந்து குடிநீரை எடுத்துச் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். கிருமியை அடிக்கக் குளோரினைக் கூட்டினார்கள், ஏற்கெனவே சொறியும் தோல் புண்ணுமாக இருந்த குழந்தைகளின் உடம்பு இன்னும் மோசமானது. அந்தப் படங்கள் தொலைக்காட்சியில் வந்தபிறகுதான் மாகாண அரசு அவசரநிலை அறிவித்து ஊரின் பெரும்பகுதி மக்களை விமானத்தில் வெளியேற்றியது.

அப்போது பிரதமர் பால் மார்ட்டினின் மத்திய அரசு, ஊரை மேடான இடத்துக்கு மாற்றிப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. 2006 ஜனவரித் தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய அரசு முன்னாள் மாகாண அமைச்சர் ஆலன் போப்பை அனுப்பி அறிக்கை கேட்டது, அவர் டிம்மின்ஸ் நகரத்தின் ஓரத்துக்கு ஊரையே கொண்டுவந்துவிடலாம் என்றார். வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் பக்கத்தில் இருக்கும் என்பது வாதம். வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும், நானும் முதலில் படித்தபோது ஏன் கூடாது என்று யோசித்தேன். டிம்மின்ஸ் அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே, இன்னொரு ஆற்றுப் படுகையில், இன்னொரு மக்களின் நிலத்தில் இருக்கிறது. வேட்டைப் பகுதி, முன்னோர் கல்லறை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேர் சொல்லிக் காட்டத் தெரிந்த ஓடை, இதெல்லாவற்றையும் விட்டுவிட்டு நகரத்தோரத்தில் ஒரு குடியிருப்பாகப் போ என்றால் அந்தச் சமூகம் அப்படியே கரைந்துவிடும். மக்கள் ஒப்பவில்லை. இடம் மாற்றுவதற்கான செலவும் பெரிதாகத் தெரிந்ததால் 2007-இல் இருக்கிற இடத்திலேயே ஊரைச் சீரமைப்பது என்று ஒப்பந்தம் போட்டார்கள். வெள்ளம் வரும் இடத்திலேயே மேலும் பணத்தைக் கொட்டுவது என்ற முடிவு அது. எனக்கு இந்த முழுக் கதையிலும் அதிகமாகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

விமானம் வரும் மாதம்

ஒரு சாதாரண வெளியேற்றம் எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். ஹெலிகாப்டர் கண்காணிப்பும் ஆற்றளவையும் பார்த்துத் ஊர்த் தலைவரும் ஊர் மன்றமும் அவசரநிலை அறிவிப்பார்கள். முதல் கட்டத்தில் முதியவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள். நிலைமை மோசமானால் எல்லாரும். ஓடுபாதை சிறியது, வருவதும் பெரும்பாலும் சிறிய விமானங்கள், ஊர் முழுவதையும் தூக்கப் பல நாள் பிடிக்கும். சில ஆண்டுகள் ராணுவத்தின் ஹெர்குலிஸ் விமானங்கள் வந்திருக்கின்றன. வெள்ளம் வந்த பிறகு இதைச் செய்ய முடியாது என்பதால் வருமுன்னே கிளம்பியாக வேண்டும். பல ஆண்டுகள் ஊருக்குள் வெள்ளம் வரவே இல்லை, வெளியேற்றம் மட்டும் நடந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது வீணாகத் தோன்றலாம். கரை உடைந்தால் ஓடப் பாதை இல்லாத ஊரில் நடு இரவில் இரண்டாயிரம் பேரை வைத்துக்கொண்டு சூதாட முடியாது, அந்த எச்சரிக்கை சரிதான்.

போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்காது. டிம்மின்ஸ், காபஸ்கேசிங், தண்டர் பே, சில ஆண்டுகள் மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் வரைக்கும் பிரித்து அனுப்புவார்கள், எந்த நகரத்தில் ஹோட்டல் அறை கிடைக்கிறதோ அங்கே. பாட்டி ஒரு ஊரில், பேரக்குழந்தைகள் இன்னொரு ஊரில். குழந்தைகளின் பள்ளி நின்றுபோகும். ஹோட்டல் அறையில் ஒரு குடும்பம் முழுக்க வாரக்கணக்கில், கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அடுத்த செய்திக்காகக் காத்துக்கொண்டு. நல்லபடியாக வரவேற்ற நகரங்கள் உண்டு, கடைக்குப் போனால் சந்தேகமாகப் பார்த்த அனுபவங்களும் உண்டு. உறைவிடப் பள்ளிக்கு விமானத்திலும் படகிலும் ஏற்றிச் செல்லப்பட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களைப் பை கட்டு, பட்டியலில் பெயர் இருக்கிறது, விமானத்தில் ஏறு என்று ஆண்டுதோறும் சொல்வது அவர்களுக்குள் எதைக் கிளறும் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

இதற்கெல்லாம் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் செலவாகிறது. ஒதுக்கு நிலம் மத்திய அரசின் பொறுப்பு, அவசரகால ஏற்பாடு மாகாணத்தின் கையில், தங்கவைப்பது நகராட்சிகள். மூன்று அடுக்கும் சேர்ந்து ஒவ்வொரு வசந்தத்திலும் திறமையாகச் செய்துமுடிக்கிற வேலை என்பதால், அதைச் செய்யவேண்டிய தேவையே ஏன் இருக்கிறது என்ற கேள்வி மே மாதம் மக்கள் வீடு திரும்பியதும் அடங்கிவிடுகிறது. டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் தமிழர்கள் இதே மாகாணத்தில்தான் வரி கட்டுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். போரால் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கிய நினைவு உள்ளவர்கள் அவர்களில் நிறையப் பேர். தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இந்த ஊரைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

வாத்து வரும் மாதமும் அதுவே

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இதுதான், ஆனால் வெள்ளச் செய்திகளில் கடைசி வரியில்கூட வராது.

பனி உடையும் அதே நாட்களில்தான் கனடா கூஸ் எனும் பெரிய காட்டு வாத்துகள் தெற்கிலிருந்து லட்சக்கணக்கில் வருகின்றன. பின்னாலேயே வெள்ளைப் பனிவாத்துகள். நீண்ட குளிர்காலத்துக்குப் பிறகு வரும் முதல் புது இறைச்சி அது. ஜேம்ஸ் விரிகுடாவின் க்ரீ ஊர்களில் பள்ளிக்கே இதற்காக விடுமுறை விடுவார்கள். குடும்பம் குடும்பமாக ஸ்கிடூ எனும் பனி மோட்டார் வண்டியில் சறுக்குவண்டியைக் கட்டி, கூடாரம், அடுப்பு, மாவு, தேயிலை, துப்பாக்கி, பாட்டி, கைக்குழந்தை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போவார்கள். வில்லோ கிளைகளால் மறைப்புக் கட்டி, பொம்மை வாத்துகளைப் பரப்பி, வாயாலேயே வாத்துபோலக் கூப்பிட்டு இறக்கிச் சுடுவார்கள். பெண்கள் உட்கார்ந்து இறகு பறிப்பார்கள், மென்மையான இறகு தலையணைக்கும் போர்வைக்கும் போகும். வாத்தைக் கயிற்றில் கட்டித் தீக்கு மேலே தொங்கவிட்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்படி விட்டு, கொழுப்பு சொட்டச் சொட்டச் சுடுவார்கள். ஒரு பையன் முதல்முறையாகச் சுட்ட வாத்தைத் தானே வைத்துக்கொள்வதில்லை, பெரியவர்களுக்குக் கொடுப்பான். க்ரீ மொழியை வகுப்பறையில் கற்பதைவிட அதிகமாக அங்கேதான் பிள்ளைகள் கற்கிறார்கள், பனியின் நிறத்தைப் பார்த்து எது தாங்கும் எது உடையும் என்று சொல்லவும் அங்கேதான் கற்கிறார்கள்.

அந்த வேட்டை பல பத்தாண்டுகள் சட்டப்படி குற்றமாக இருந்தது. அமெரிக்காவும் கனடாவின் சார்பில் பிரிட்டனும் 1916-இல் போட்ட வலசைப் பறவை ஒப்பந்தம் மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வாத்து சுடுவதைத் தடைசெய்தது. தெற்கே இலையுதிர் காலத்தில் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களுக்கு அந்தத் தேதிகளால் ஒரு நஷ்டமும் இல்லை. வடக்கே பசியாறும் மாதம் முழுக்கத் தடைக்குள் வந்துவிட்டது. முன்போலவே வேட்டையாடலாம் என்று 1905-இல் கேட்டவர்களுக்குப் பதினோரு ஆண்டுகளில் கிடைத்தது இது. பழங்குடிகளின் வசந்த வேட்டையை ஏற்கும் திருத்தம் 1995-இல்தான் கையெழுத்தாகி 1999-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த உரிமை தாளில் உறுதியான சில ஆண்டுகளிலேயே ஏப்ரல் விமானங்கள் வரத் தொடங்கி, வேட்டைக்குப் போகவேண்டிய குடும்பங்களை ஹோட்டல் அறைகளில் உட்காரவைத்தன.

2020 வசந்தத்தில் கோவிட். நகர ஹோட்டல்களில் மக்களை அடைப்பது பாதுகாப்பில்லை என்று ஆனதும், காஷெச்சுவான் மக்கள் தங்கள் நிலத்துக்கே போகிறோம், அதற்கு உதவுங்கள் என்று கேட்டார்கள். எரிபொருள், உணவு, முகாம் சாமான், போக்குவரத்து என்று அந்தச் செலவுக்கு அரசு பணம் தந்தது. குடும்பங்கள் ஆற்றின் ஆபத்திலிருந்து விலகி மேடான தங்கள் முகாம்களில் பனி உடைந்து முடியும்வரை இருந்தார்கள். வெள்ளத்திலிருந்து தப்பினார்கள், தொற்றிலிருந்து தப்பினார்கள், கூடவே வாத்தும் கிடைத்தது. பாட்டியும் பேரனும் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். பேரிடர் மேலாண்மை என்று பார்த்தாலும் இதைவிட நல்ல திட்டத்தை எந்த அலுவலகமும் அதுவரை தந்திருக்கவில்லை. அது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது, தாத்தா காலத்து நாட்காட்டிதான்.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸ் தேவைப்படுகிறவர், பிரசவ நாள் நெருங்கியவர், ஆக்சிஜன் வைத்திருக்கும் முதியவர் இவர்கள் முகாமுக்குப் போக முடியாது. ஸ்கிடூவும் துப்பாக்கியும் பெட்ரோலும் வாங்கப் பணமில்லாத குடும்பங்களும் ஊரில் உண்டு, கடலோர ஊர்களில் எரிபொருள் விலை தெற்கைவிட மிக அதிகம். அதனால் 2020-க்குப் பிறகும் விமானங்கள் முழுக்க நிற்கவில்லை, 2022-லும் 2023-லும் பறந்தன. ஆனாலும் ஊரில் ஒரு பெரும்பகுதிக்கு நிலமே புகலிடமாக முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

ஐந்தாம் இடம்

முகாம் என்பது சில வாரங்களுக்குத்தான். ஊர் அந்த இடத்தில் இருக்கும்வரை கரை, கழிவுக்குளம், பூஞ்சை பிடித்த வீடு என்று மற்ற எல்லாம் தொடரும். ஆற்றில் சுமார் 30 கிலோமீட்டர் மேலே ஒரு மேட்டுநிலத்தை மக்கள் தங்கள் புது ஊருக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பரிசீலித்த இடங்களுக்குப் போட்ட வரிசை எண்ணின்படி அதற்கு ஐந்தாம் இடம் (சைட் 5) என்று பெயர். 2019 ஏப்ரல் கடைசியில், மறுபடியும் வெளியேற்றம் நடந்துகொண்டிருந்தபோதே, ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு ஒட்டாவா வரை போய்ப் போராடினார்கள். அந்த மே 9 அன்று மத்திய அரசு, ஒன்டாரியோ, காஷெச்சுவான் மூன்றும் இடமாற்றத்துக்கான கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

ஒப்பந்தம் கையெழுத்தானால் ஊர் வந்துவிடாது. முதலில் அந்த இடத்துக்குச் சாலை வேண்டும். சதுப்பில் 30 கிலோமீட்டர் சாலை போடுவதென்றால் பீட் மண்ணில் அமுங்காத அடித்தளம் வேண்டும், அதற்குச் சரளைக்கல் வேண்டும், இயந்திரங்கள் வேண்டும். கனமான சாமான் எல்லாம் ரயில் முடியும் மூசோனியிலிருந்து குளிர்காலச் சாலையில்தான் வரவேண்டும். பனியையும் உறைந்த சதுப்பையும் இறுக்கிப் போடும் அந்தச் சாலை ஜனவரி வாக்கில் திறந்து மார்ச்சில் முடிந்துவிடும். குளிர்காலம் சூடாக ஆக அந்த நாட்களும் சுருங்குகின்றன. ஒரு குளிர்காலம் தவறினால் ஒரு ஆண்டு போச்சு. கோடையில் படகில் வருவது கொஞ்சம்தான். ஆகவே பட்ஜெட் அனுமதி ஏப்ரலில் வருகிறதா நவம்பரில் வருகிறதா என்பதுகூட இங்கே பெரிய விஷயம், தெற்கில் உட்கார்ந்து நிதியாண்டு பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் புரிவதில்லை.

அந்தக் கரையோர மக்கள் பெரிய கட்டுமானத்தைச் செய்ய முடியாதவர்களும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் மூசோனியிலிருந்து ஃபோர்ட் ஆல்பனி, காஷெச்சுவான், அட்டவாபிஸ்காட் வரை இதே சதுப்பில் மின்கம்பிப் பாதை போட்டு, டீசல் ஜெனரேட்டரிலிருந்து அந்த ஊர்களை விடுவித்தது ஃபைவ் நேஷன்ஸ் எனர்ஜி. அதன் உரிமையாளர்கள் முதற்குடிச் சமூகங்களே. முடிவும் பணமும் அவர்கள் கையில் சேர்ந்திருந்தபோது வேலை நடந்தது.

ஐந்தாம் இடத்துக்கு ஊர் போய்ச் சேரும்வரை இன்னும் எத்தனையோ வசந்தங்கள் காஷெச்சுவானிலேயே வரும். அதுவரை செய்ய வேண்டியது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நிலத்துக்குப் போவதற்கான உதவி ஒவ்வொரு ஆண்டும் புதிதாக மனுப்போட்டுக் கேட்கிற சலுகையாக இருக்கக் கூடாது, வெளியேற்றச் செலவைப்போல நிரந்தர ஒதுக்கீடாக இருக்க வேண்டும். அந்தப் பணம் அவசரநிலை அறிவித்த பிறகு வருவதும் கூடாது. ஸ்கிடூ போகும் பனி ஏப்ரலில் கெட்டுவிடும். எரிபொருளும் விறகும் கூடாரமும் பிப்ரவரியிலேயே, ஆறு கெட்டியாக உறைந்திருக்கும்போது, முகாமில் போய் இறங்கியிருக்க வேண்டும்.